மக்காச்சோளமும் மனநோயும்: பிறழ்நடத்தைக்குக் காரணம் தேடிய ஒரு வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் தென்மாநில மனநோய் விடுதிகளில் ஒரே சாயலுள்ள நோயாளிகள் பெருகினார்கள். புறங்கைத் தோல் கறுத்து உரிந்திருக்கும். கழுத்தைச் சுற்றி வளையமாகத் தடித்திருக்கும். வயிற்றுப்போக்கு விடாது. தூக்கம் கெடும், இனம்புரியாத பயம் பிடிக்கும், பேச்சு குழறும், கடைசியில் பிதற்றல் முற்றும். இந்த நோயின் பெயர் பெலாக்ரா. பிறழ்நடத்தையின் காரணங்களைப் பற்றிய கோட்பாடுகள் ஒன்றோடொன்று மோதிய களங்களில் இதைவிடத் தெளிவானது அரிது.

அன்றைக்குச் செல்வாக்கோடு இருந்த விளக்கங்களில் இரண்டு இவை. 1912இல் தென் கரோலினாவில் ஆய்வு தொடங்கிய தாம்சன்–மக்ஃபாடன் குழு, இது தொற்றுநோய் என்றது. இனமேம்பாட்டு இயக்கத்தின் முன்னணியில் நின்ற சார்லஸ் டேவன்போர்ட், நோய்க்கு ஆளாகும் தன்மை பரம்பரையாக வருகிறது என்று 1916இல் எழுதினார். ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்தது உண்மைதான். ஆனால் ஒரு குடும்பத்துக்கு இரத்தம் மட்டுமா பொது? அடுப்பும் ஒன்றுதானே. டேவன்போர்ட் கேட்காமல் விட்ட கேள்வி இது.

1914இல் பெலாக்ரா ஆய்வுப் பொறுப்பை ஏற்ற பொதுச் சுகாதாரத் துறை மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் முதலில் பார்த்தது நோயாளிகளை அல்ல, நோய் வராதவர்களை. விடுதிகளில் உள்நோயாளிகளுக்குப் பெலாக்ரா வந்தது. அவர்களோடு இரவுபகலாகப் பழகிய செவிலியருக்கும் பணியாளருக்கும் வரவில்லை. ஒட்டிக்கொள்ளும் நோய் என்றால் இப்படி ஆள் பார்த்தா வரும்? இரு தரப்புக்கும் ஒரே சமையல் என்றுதான் சொன்னார்கள். ஆனால் நல்லதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளவும், வெளியில் வாங்கிச் சேர்த்துக்கொள்ளவும் பணியாளரால் முடிந்தது. நோயாளிகளின் தட்டில் விழுந்தது பெரும்பாலும் மக்காச்சோளமும் சர்க்கரைப் பாகுமே. பாலும் முட்டையும் இறைச்சியும் சேர்த்தபோது, அநாதை விடுதிகளிலும் மனநோய் விடுதிகளிலும் புதிய நோயாளிகள் ஏறத்தாழ இல்லாமலே போனார்கள்.

1915இல் மிசிசிப்பியின் ரேங்கின் சிறைப்பண்ணையில் அவர் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். மன்னிப்பு வாக்குறுதி பெற்ற 11 கைதிகளுக்கு அந்த ஏழை உணவே கொடுக்கப்பட்டது. ஆறு பேருக்கு நோய் வந்தது. விடுதலை என்ற விலை காட்டி வாங்கிய சம்மதத்தை இன்றைய அறவியல் ஏற்காது, ஏற்கவும் கூடாது. மறுஆண்டு, தொற்றுக் கொள்கையைப் பொய்ப்பிக்க, நோயாளிகளின் இரத்தத்தைத் தமக்கும் தம் மனைவிக்கும் உடன் பணியாற்றியவர்களுக்கும் ஊசி வழியே ஏற்றச் செய்தார். யாருக்கும் பெலாக்ரா வரவில்லை.

மனநிலைப் பிறழ்வுக்கு உடலில்தான் காரணம் என்பவர்களுக்கு இது வெற்றி. 1937இல் உயிர்வேதியியலாளர் கோன்ராட் எல்வெஜெம், நாய்களுக்கு வரும் இதே வகை நோயை நிக்கோடினிக் அமிலம் ஆற்றுவதைக் கண்டறிந்தார். அந்தச் சத்து, அதாவது நியாசின், மக்காச்சோளத்தில் உடலுக்கு எட்டாத வடிவில் பிணைந்திருக்கிறது. சுண்ணாம்பு நீரில் வேகவைத்தால் விடுபடும். மெக்சிகோவில் காலங்காலமாக அப்படித்தான் சமைக்கிறார்கள். பிதற்றிய மனிதர், அந்த ஒரு சத்து கிடைத்ததும், சில நாள்களில் தெளிந்து பேசினார்.

இங்கேயே நின்றுவிட்டால் பாதிக் காரணம்தான் கையில் இருக்கும். பொருளியலாளர் எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கரோடு சேர்ந்து கோல்ட்பெர்கர் 1916இல் தென் கரோலினாவின் ஏழு பஞ்சாலைக் கிராமங்களில் வீடுவீடாகக் கணக்கெடுத்தார். வருமானம் குறையக் குறைய நோய் கூடியது. நிலமெல்லாம் பருத்தி, காய்கறிக்கும் கறவைக்கும் இடமில்லை, கூலிக்குக் கட்டுப்படியானது மக்காச்சோள மாவு. உயிரியல் விளக்கமும் சமூக விளக்கமும் இங்கே போட்டியாளர்கள் அல்ல. வறுமை மூளையைத் தொட்ட வழி நியாசின். நியாசின் குறைந்ததற்குக் காரணம் வறுமை. இதில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் எந்தக் கோட்பாடும் நோயாளிக்கு அநீதி இழைக்கிறது.

எல்லாக் கோட்பாடும் சமம் என்று இதற்குப் பொருளில்லை. 1948இல் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் மனச்சிதைவுக்குத் தாயின் குணத்தைக் காரணம் காட்டினார். நோயில்லாத பிள்ளைகளின் தாய்மாரோடு ஒப்பிட்டுப் பார்க்காமலே அந்தக் கருத்து பரவியது. எத்தனையோ தாய்மார் அந்தப் பழியைச் சுமந்தார்கள். நோய் வராத செவிலியரைப் பார்த்த கோல்ட்பெர்கரின் கண் அங்கே இருந்திருக்க வேண்டும்.

1977இல் உளமருத்துவர் ஜார்ஜ் எங்கெல் உடல், உளம், சமூகம் மூன்றையும் இணைக்கும் மாதிரியை முன்வைத்தார். அதே ஆண்டு உளவியலாளர்கள் ஜோசப் ஜூபினும் பானி ஸ்பிரிங்கும், எளிதில் பாதிப்புறும் உள்ளார்ந்த தன்மையும் வாழ்வின் நெருக்கடியும் சந்திக்கும் இடத்தில் மனச்சிதைவு வெளிப்படுகிறது என்றார்கள். இன்று பாடநூல்களில் உடல், உளம், சமூகம் என்ற மூன்று சொற்களும் வரிசையாக ஒப்பிக்கப்படுகின்றன. எது எதன் வழியாக வேலை செய்கிறது என்று காட்டாத வரிசையால் மருத்துவருக்கும் பயனில்லை, குடும்பத்துக்கும் பயனில்லை. மனச்சிதைவில் பெலாக்ராபோல ஒரே ஒரு சத்துக்குறைவு அகப்படவில்லை. பரம்பரையும் முழு விடையாகாது: ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தும் மற்றவருக்கு வராத குடும்பங்கள் ஏராளம்.

பெலாக்ராவின் உயிரியல் கண்ணிகூட முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. மக்காச்சோளமே பிரதானமாக இல்லாத ஐதராபாத் பகுதியில், சோளம் உண்ட ஏழைகளிடம் இந்நோய் தென்பட்டது. சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்ற அமினோ அமிலத்தைச் ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் சி. கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960இல் சுட்டிக்காட்டினர். லூசினின் பங்கைப் பின்னர் வந்த சிலர் மறுத்தனர். நோய் யாரிடம் வந்தது என்பதில் மட்டும் எவரும் மாறுபடவில்லை: சோளத்தைத் தவிர வேறு வாங்க வழியில்லாதவர்களிடம்.