சிறுநீரகத்துக்கு நான்கு வரி

மாரடைப்புக்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவரின் டிஸ்சார்ஜ் தாளில் பெரும்பகுதி இதயத்தைப் பற்றியே இருக்கும். சிறுநீரகம் ஒதுக்குப்புறமாகச் சில வரிகளில் வந்துபோகும். மாதிரிக்கு அப்படிப்பட்ட நான்கு வரிகளை வைத்து உரை காண்போம்.

1. "சேர்க்கையின்போது கிரியேட்டினின் 0.9."

கிரியேட்டினின் என்பது தசைகளில் நாள்தோறும் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றுகிறது. வடிப்பது குறைந்தால் ரத்தத்தில் தேங்கும். 0.9 என்றால் பொதுவாக நல்ல அளவு. ஆனால் மெலிந்த மூதாட்டிக்குத் தசையே குறைவு என்பதால், சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் நல்லதாகவே தெரியலாம். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்ப்பது அதனால்தான். இந்த வரியை அளவுக்கல் என்று கொள்க. இது இல்லாவிட்டால் பின்னால் வரும் எண்களுக்குப் பொருள் இல்லை.

2. "உடனடி ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட் ஒன்று. ரத்த அழுத்தம் 80/50, மருந்தால் உயர்த்தப்பட்டது."

"டை போட்டதுல கிட்னி கெட்டுப்போச்சு" என்று உறவினர்கள் சொல்வது இந்த வரியின் முதல் பாதியை மட்டும் படித்து. ஆஞ்சியோகிராமில் செலுத்தும் அயோடின் கலந்த அந்தச் சாயத்துக்கும் பங்கு இருக்கலாம். அதனால்தான் மருத்துவர்கள் அதைக் குறைந்த அளவில் செலுத்தப் பார்க்கிறார்கள். ஆனால் கனமான செய்தி இரண்டாம் பாதியில் இருக்கிறது. உடல் எடையில் அரை சதவீதம்கூட இல்லாத இரு சிறுநீரகங்களும், இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்பவை. இதயம் தளர்ந்தால் வரத்து குறைகிறது. தள்ளப்படாத ரத்தம் சிரைகளில் தேங்கினால் வடிகாலும் திணறுகிறது. சாயமே செலுத்தப்படாத மாரடைப்பு நோயாளிகளுக்கும் சிறுநீரகப் பாதிப்பு வருவது இதனால்தான். சிறுநீரகத்துக்குப் பயந்து ஆஞ்சியோகிராமை மறுத்தால் மடையைத் திறக்காமல் வயலைக் காக்க நினைத்தது போலாகும்.

3. "மூன்றாம் நாள் 1.6."

'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று கடந்துபோகக் கூடாத வரி இது. கேடிகோ (KDIGO) என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பு 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 48 மணி நேரத்துக்குள் 0.3 கூடினாலோ, ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கானாலோ, சிறுநீர் ஆறு மணி நேரம் தொடர்ந்து குறைந்தாலோ அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. 0.9இன் ஒன்றரை மடங்கு 1.35. எண் அதைத் தாண்டிவிட்டது. மூன்று நிலைகளில் இது முதல் நிலை.

மூன்றாம் நாள் ஏன்? பாதிப்பு முதல் நாளே நேர்ந்திருந்தாலும் கழிவு தேங்கி எண்ணாகத் தெரிய நேரம் பிடிக்கும். சிறுநீர் அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கலாம். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் குறைவு. செவிலியர் மணிக்கொரு தரம் சிறுநீர்ப் பையைக் குனிந்து பார்ப்பது இந்தக் கணக்குக்காகத்தான்.

4. "வீடு திரும்பும்போது 1.1. வலி மாத்திரை தவிர்க்கவும். ஒரு வாரத்தில் மறுபரிசோதனை."

1.1 நார்மல்தானே என்று குடும்பம் நிம்மதி அடையும். அளவுக்கல்லோடு வைத்துப் பார்த்தால் 0.9 இன்னும் திரும்பவில்லை. முழுதாகத் திரும்பினாலும், ஒருமுறை அடிபட்ட சிறுநீரகம் பின்னாளில் நாள்பட்ட நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு கூடுதல்.

வலி மாத்திரை என்றது டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் வகையை. இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். மாரடைப்பு கண்ட இதயத்துக்கும் ஆகாது. மூட்டுவலிக்கென்று மெடிக்கலில் கேட்டு வாங்குவதும் இதில் அடங்கும்.

மறுபரிசோதனைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இதயத்தைக் காக்கத் தரும் ராமிப்ரில் போன்ற மருந்துகள் தொடக்கத்தில் கிரியேட்டினினைச் சற்று உயர்த்தலாம். சிறு உயர்வென்றால் பெரும்பாலும் மருந்து தொடரும். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். பயந்து நாமே நிறுத்திவிடக் கூடாது.

முதல் மூன்று வரிகளும் நடந்து முடிந்ததைச் சொல்பவை. நான்காவதில் மட்டும் ஏவல் இருக்கிறது, அதுவும் நம்மை நோக்கி. 0.9, 1.6, 1.1 என்ற மூன்று எண்களையும் ஃபைலின் மேலட்டையில் எழுதிவைத்து, பல்வலிக்குப் போனாலும் காட்டுங்கள்.