நின்னு நின்னு ஓடின வண்டியும் ஒரு நீதிபதியும்

பழைய வண்டி வெச்சிருக்கற மக்களுக்கு இந்த அவஸ்தை தெரிஞ்சிருக்கும். நல்லா ஓடிட்டிருக்கற வண்டி திடீர்னு அணைஞ்சு போகும். ஓரங்கட்டி அரைமணி நேரம் உக்காந்திருந்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் கிட்ட கொண்டு போனா, "எல்லாம் சரியாத்தானே சார் இருக்கு"ம்பார். டாக்டர் வாசலை மிதிச்சதும் பல்வலி காணாமப் போற கதைதான்.

அமெரிக்காவுல இந்த வியாதி கோர்ட் வரைக்கும் போயிருக்கு.

1980களில் ஃபோர்டு கம்பெனி தன் வண்டிகள்ல டி.எஃப்.ஐ.ன்னு ஒரு இக்னிஷன் மாடியூல் போட்டுச்சு. திக் ஃபிலிம் இக்னிஷனோட சுருக்கம். உள்ளங்கைக்குள்ள அடங்கற சின்னப் பெட்டி. இக்னிஷன் காயிலுக்குப் போற கரண்டை சரியான நேரத்துல வெட்டி விடறது அதோட வேலை. வெட்டினாத்தான் ஸ்பார்க். வெட்டலைன்னா எஞ்சின் அவ்ளோதான்.

பெட்டியில பெரிசா குத்தம் சொல்ல முடியாது. அதை வெச்ச இடம்தான் வில்லங்கம். எஞ்சின் மேலயே உக்காந்திருக்கற டிஸ்ட்ரிபியூட்டரோட பக்கவாட்டுல திருகி வெச்சாங்க. எலக்ட்ரானிக்ஸுக்கு ஆகாத ஒரே விஷயம் சூடு. அதைக் கொண்டு போய் அடுப்பு மேல வெச்சா? நடுவுல சூட்டைக் கடத்தறதுக்கு ஒரு பசை தடவணும். அது காய்ஞ்சு போனா இன்னும் மோசம்.

1986ல வந்த ஏரோஸ்டார் மினிவேனோட 3.0 லிட்டர் எஞ்சின்லயும் இதே ஏற்பாடுதான். அதுக்கு மூக்கு வேற குட்டை. எஞ்சின் பாதி, முன்கண்ணாடிக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டின்னா, நம்மூர் மாதிரி நாலு பேர் இறங்கித் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் வழியில்லை :-)

இதைக் கண்டுபிடிக்கறதுதான் பெரும்பாடு. வண்டி நின்ன அந்த நிமிஷமே ஸ்பார்க் வருதான்னு பாக்கணும். ஸ்பார்க் வந்தும் ஓடலைன்னா பெட்ரோல் பம்ப் பக்கம் சந்தேகப்படலாம். வரலைன்னா மாடியூல், இல்லேன்னா டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கற பிக்கப் சென்சார். ஆறினப்புறம் சோதிச்சா ரெண்டுமே நல்ல பிள்ளையா நடிக்கும். அதனால விவரமான மெக்கானிக்குகள் தலைமுடி காய வைக்கற டிரையரால மாடியூலைச் சூடாக்கிட்டு சோதிப்பாங்க. விவரம் பத்தாதவங்க பம்ப், ஃபில்டர், காயில்னு வரிசையா மாத்தி பில் போடுவாங்க.

காசு போனாக்கூடப் பரவாயில்லை. நெடுஞ்சாலையில வேகமாப் போகும்போது எஞ்சின் அணைஞ்சா பவர் ஸ்டீயரிங் உதவி போயிடும், பிரேக் உதவியும் ரெண்டு மூணு மிதிக்கு மேல தாங்காது. பின்னாடி லாரி வந்தா என்ன கதி? அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறைக்குப் புகார்கள் போச்சு. விசாரணையும் நடந்துச்சு, ஆனா ரீகால் வரலை. அதுக்கும் காரணம் இதே கண்ணாமூச்சிதான்னு எனக்குத் தோணுது. சோதிக்கறப்ப ஓடற வண்டியை வெச்சுக்கிட்டு எதை நிரூபிக்க?

கடைசியில கலிஃபோர்னியாவுல வண்டிக்காரங்க சேர்ந்து வழக்கு போட்டாங்க. அலமேடா மாவட்ட நீதிபதி மைக்கேல் பலாச்சி 2000ல தீர்ப்பு சொன்னார்: சூட்டுல மாடியூல் கெட்டுப் போறது ஃபோர்டுக்குத் தெரியும், அதை மறைச்சுட்டாங்க, கலிஃபோர்னியாவுல இருக்கற சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திருப்பிக் கூப்பிடணும். அமெரிக்காவுல ஒரு நீதிபதியே வண்டிகளை ரீகால் பண்ணச் சொன்னது அதுதான் முதல் தடவைன்னு பத்திரிகைகள் எழுதின. வண்டியில ஆபத்து எதுவும் இல்லைன்னு ஃபோர்டு கடைசி வரைக்கும் சாதிச்சுது.

2001ல சமரசம். 1983லேருந்து 1995 வரைக்குமான மாடல்கள்ல, ஒரு லட்சம் மைலுக்குள்ள மாடியூல் மாத்தினவங்களுக்கு அந்தச் செலவைத் திருப்பித் தர ஃபோர்டு சம்மதிச்சுது, தப்பை ஒத்துக்காமலே. இதுக்குள்ள, மாடியூலை டிஸ்ட்ரிபியூட்டர்லேருந்து கழட்டித் தள்ளி வெக்கற ஏற்பாட்டை அவங்களே பல மாடல்கள்ல கொண்டு வந்துட்டாங்க. ஏரோஸ்டாரும் 1997லயே ஒரேயடியா நின்னு போச்சு.