ஓட்டக் களத்தில் ஒப்புநோக்கு

கல்லூரி விளையாட்டு விழாக்களில் ஓடுகிறோம், தாண்டுகிறோம், குண்டு எறிகிறோம். விழா முடிந்து பந்தல் பிரிக்கப்பட்ட பின் எஞ்சி நிற்பது ஓர் எண். இத்தனை விநாடி, இத்தனை மீட்டர் என்று அந்த எண் பதிவேட்டில் ஏறுகிறது. பின்னர் வேறொரு கல்லூரியில், வேறொரு பிரிவில், வேறோர் ஆண்டில் பதிவான எண்ணை அதன் அருகில் வைத்து, இவன் பெரியவன், அவன் சிறியவன் என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அத்தீர்ப்பு எப்போது நேர்மையானது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அவை அரசனுக்கும் போர்க்களத்துக்கும் கூறப்பட்டவை. எனினும் தடகள வரலாற்றைப் பயிலுந்தோறும், ஓர் எண்ணை எடைபோட இந்த மூன்றுமே வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இடத்திலிருந்து தொடங்குவோம்.

சேர்வராயன் மலைமேல் அமைந்த ஏற்காடு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்துச் சேலமோ 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. சேலத்துக் காற்றைவிட ஏற்காட்டுக் காற்று ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. விரைந்தோடுபவனுக்கும் நீளம் தாண்டுபவனுக்கும் இது துணை செய்யும். அவர்களைத் தடுக்கும் காற்று அங்கே மெலிந்திருக்கிறது. நெடுந்தூரம் ஓடுபவனுக்கோ இது இடையூறு. ஒவ்வொரு மூச்சிலும் அவன் பெறும் ஆக்சிஜன் குறைகிறது. ஆகவே உலகத் தடகளப் பட்டியல்களில், 1,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் நிகழ்ந்தவற்றுக்குத் தனிக் குறி இடும் வழக்கம் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டிகளுக்குத் தகுதி காணும்போது, 3,000 அடிக்கு மேற்பட்ட ஊர்களில் ஓடிய நேரங்களை ஒரு வாய்பாட்டின்படி திருத்திக்கொள்கிறார்கள். ஏற்காட்டின் உயரம் ஏறத்தாழ 5,000 அடி என்பதை இங்கே நினைவிற் கொள்க.

இவ்வுண்மையை உலகம் உணர்ந்தது 1968 ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில். அந்நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. நீளம் தாண்டுதலில் அதுவரை 8.35 மீட்டராக இருந்த உலகச் சாதனையை, பாப் பீமன் ஒரே தாண்டலில் 8.90 மீட்டராக உயர்த்தினார். அதே நகரில் 10,000 மீட்டர் ஓட்டத்தை வென்றவரின் நேரம் 29 நிமிடம் 27.4 விநாடி. அந்தத் தொலைவில் உலகச் சாதனையாளராக விளங்கிய ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க், 1965 இல் 27 நிமிடம் 39.4 விநாடியில் ஓடியவர். மெக்சிகோவில் ஆறாவதாக வந்து, எல்லைக் கோட்டைக் கடந்ததும் மயங்கி விழுந்தார். ஒரே காற்று ஒருவரை உயர்த்தியது, மற்றொருவரை வீழ்த்தியது.

அப்படியானால் பீமனின் பெருமை காற்றின் பெருமைதானா? அன்று. அதே நாளில், அதே மணற்குழியில் இரண்டாம் இடம் பெற்றவர் தாண்டியது 8.19 மீட்டர்தான். மெல்லிய காற்று எல்லாருக்கும் பொதுவாகவே இருந்தது. இடத்தை அறிந்தபின், அந்த இடத்தில் உடன் நின்றவர்களையும் பார்க்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

நான் சேர்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் ஆசிரியப்பணி புரிந்தவன். மலைக் கிராமத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன், கல்லும் புல்லும் கலந்த மலை மைதானத்தில் 1,500 மீட்டர் ஓடினான். அவன் நேரத்தை, சமவெளியில் செயற்கை ஓடுதளத்தில் ஓடியவர்களின் நேரத்தோடு ஒரே பட்டியலில் எழுதினார்கள். தேர்வு செய்தவர்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, வேண்டிய பெயர்கள் நிறைந்தவுடன் கோடு கிழித்தார்கள். அவன் பெயர் கோட்டுக்குக் கீழே நின்றது. யாரும் பொய் எழுதவில்லை. எண்கள் யாவும் மெய்யே. ஆயினும் முடிவு நேர்மையானதன்று. அவன் எங்கே ஓடினான் என்பதை அந்தத் தாளில் ஒருவரும் குறிக்கவில்லை.

அடுத்தது காலம். ஓடிய ஆண்டு மட்டுமன்று, நேரத்தை அளந்த கருவியும் இதில் அடங்கும். 1960 ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் நம் மில்கா சிங் நான்காவதாக வந்தார். நடுவர்களின் நிறுத்துக் கடிகாரம் காட்டியது 45.6 விநாடி, மின்கடிகாரம் காட்டியது 45.73. ஓடியது ஒரே ஓட்டம், எண்கள் இரண்டு. 1998 இல் கல்கத்தாவில் பரம்ஜித் சிங் மின்கடிகாரப்படி 45.70 விநாடியில் ஓடினார். மில்காவின் முதல் எண்ணோடு வைத்தால் பழைய சாதனை முறியவில்லை. இரண்டாம் எண்ணோடு வைத்தால் முறிந்தது. மின்கடிகாரத்தை மின்கடிகாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்பதை அறிந்தவர்க்கு இதில் குழப்பமே இல்லை.

மனிதன் விரலால் அழுத்தும் கடிகாரம், துப்பாக்கி சுடப்பட்டபின் சற்றே தாமதித்துத் தொடங்குகிறது. ஆதலால் கையால் எடுத்த நேரத்தை மின்நேரத்தோடு ஒப்பிடும்போது 100, 200 மீட்டர் ஓட்டங்களுக்கு 0.24 விநாடியும், 400 மீட்டருக்கு 0.14 விநாடியும் கூட்டிக்கொள்வது முறை. மில்காவின் 45.6 உடன் 0.14 ஐக் கூட்டிப் பாருங்கள்; 45.74 வருகிறது. மின்கடிகாரம் காட்டிய 45.73 க்கு அது எவ்வளவு அருகில் இருக்கிறது! 1977 முதல் விரைவோட்ட உலகச் சாதனைகளுக்கு மின்நேரம் மட்டுமே ஏற்கப்படுகிறது. நம் கல்லூரிகளின் பழைய பதிவேடுகளிலோ கைநேரங்கள் நிறைந்துள்ளன. இன்றைய மாணவன் அவற்றைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. கூட்ட வேண்டியதைக் கூட்டிவிட்டுப் பார்த்தால் போதும்.

மூன்றாவது வலி, அதாவது போட்டியின் பிரிவு. ஆண்களில் 18 வயதுக்குட்பட்டோர் 5 கிலோ குண்டையும், 20 வயதுக்குட்பட்டோர் 6 கிலோ குண்டையும், அதற்கு மேற்பட்ட ஆடவர் 7.26 கிலோ குண்டையும் எறியுமாறு உலக விதிகள் வயதுவாரியாக வகுத்துள்ளன. இவற்றின் தொலைவுகளை நேருக்கு நேர் ஒப்பிடுவோர் இலர். ஆனால் கண்ணுக்குப் புலப்படாத பிரிவுகளும் உண்டு. சேலம் வட்டாரக் கல்லூரிகள் 1997 இல் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றும்வரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 1997 க்கு முன் பல்கலைக்கழக அளவில் நான்காம் இடம் பெற்ற சேலத்து மாணவர், சென்னை மாநகரின் பெருங்கல்லூரிகளோடு போட்டியிட்டவர். பின்னர் முதலிடம் பெற்றவர் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் கல்லூரிகளோடு போட்டியிட்டவர். இவர்களுள் சிறந்தவர் யார் என்பதைப் பரிசுக் கோப்பை சொல்லாது. நேரமும் தொலைவும்தான் சொல்லும்.

சிறு கல்லூரி என்பதால் சிறு வலி என்று கொள்வதும் தவறு. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு 1973 முதல் மூன்று பிரிவுகளாக நடைபெறுகிறது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதில்லை. பிரிவு என்பது கல்லூரியின் நிலையைச் சொல்வதே அன்றி, மாணவனின் உரத்தைச் சொல்வதன்று. சொந்த ஓடுதளமே இல்லாத மோர்ஹவுஸ் என்னும் கல்லூரியில் இயற்பியல் பயின்றுகொண்டிருந்த எட்வின் மோசஸ், 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் உலகச் சாதனையோடு தங்கம் வென்றார்.

இனி நம் மண்ணுக்கே திரும்புவோம். சேர்வராயன் மலையின் மேற்குப் புறத்துச் சமவெளியில், பெரியவடகம்பட்டி என்னும் சிற்றூரில் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறி, வலக்கால் முழங்காலுக்குக் கீழ் நசுங்கியது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் டி42 பிரிவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். 2021 இல் நடைபெற்ற டோக்கியோ போட்டியில் 1.86 மீட்டர், வெள்ளி. 2024 பாரிஸில் 1.85 மீட்டர், வெண்கலம். பதக்கத்தை மட்டும் பார்ப்பவர் படிப்படியான இறக்கம் என்பார். எண்ணைப் பார்ப்பவரோ எட்டு ஆண்டுகளில் மாற்றம் நான்கே சென்டிமீட்டர் என்பார். 2018 இல் பிரிவுகளின் எண்கள் திருத்தப்பட்டதால், பின்னிரண்டு போட்டிகளின் பெயர் டி63 என்றாயிற்று. பெயர் மாறினும், செயற்கைக்கால் அணிந்தவர்களும் மாரியப்பனைப் போல அணியாதவர்களும் முன்போலவே சேர்ந்து தாண்டினர்.

அவருடைய 1.89 மீட்டரை, 1993 இல் சோட்டோமேயர் தாண்டிய 2.45 மீட்டரோடு ஒப்பிட்டுச் சிறிதென்பாரும் உளர். அவர்கள் ஒரு காலின் வலியை எண்ணவில்லை. மிகையாகப் புகழ்வதும் இதே பிழைதான். ரியோவில் பார்வைக் குறைபாடு உடையோருக்கான 1,500 மீட்டர் ஓட்டத்தில் முதல் நால்வரும், அவ்வாண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவரின் 3 நிமிடம் 50.00 விநாடியைவிட விரைவாக ஓடினர். உடனே, இவர்கள் ஒலிம்பிக் வீரரை வென்றவர்கள் என்று உலகெங்கும் எழுதினார்கள். அந்த ஒலிம்பிக் இறுதி ஓட்டத்தில் ஒருவரை ஒருவர் நோட்டமிட்டு மெதுவாக ஓடி, கடைசிச் சுற்றில்தான் விரைந்தனர் என்பதை மறந்தார்கள். 1,500 மீட்டரின் உலகச் சாதனை 3 நிமிடம் 26.00 விநாடி. அந்த நால்வரின் பெருமைக்குப் பொய்யான ஒப்பீடு தேவையே இல்லை. தம் பிரிவில், தம் நிலையில் அவர்கள் ஓடியது தானே பெரிது.

மாணவ நண்பர்களே, உங்கள் கல்லூரியில் அடுத்த விளையாட்டு விழாவின்போது பதிவேட்டை எழுதும் பணி உங்களுள் ஒருவருக்கு வரலாம். எண்ணை எழுதியவுடன் பேனாவை மூடிவிடாதீர்கள். எந்த ஊர், எவ்வளவு உயரம், புல்தரையா செயற்கைத் தளமா, எந்தக் கடிகாரம், எந்தப் பிரிவு, எத்தனை பேர் போட்டியிட்டனர் என்பவற்றையும் அருகில் எழுதுங்கள். ஐந்தாறு சொற்கள்தாம். முப்பது ஆண்டு கழித்து அந்த ஏட்டைப் புரட்டுபவர், முகமறியாத ஒரு மலைக்கிராமத்து மாணவனுக்கு நீதி வழங்க அச்சொற்களே அவருக்குத் துணை நிற்கும்.