நவுரு: தோண்டி விற்ற நிலம்

பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கில், நவுரு என்றொரு தீவு நாடு உண்டு. பரப்பு 21 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 12,000 பேர். நம் பங்குகள் பலவற்றின் எல்லையே இதைவிடப் பெரிது. ஆயினும் 1970களில் தலைக்குரிய வருமானத்தில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக இத்தீவு விளங்கிற்று. அச்செல்வம் எவ்வழி வந்தது, எவ்வழி போயிற்று என்பதை நாம் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1899இல் சிட்னி நகர வணிக நிறுவனமொன்றின் அலுவலகத்தில், கதவு சாத்திக்கொள்ளாதிருக்க ஒரு கல்லை அண்டக் கொடுத்திருந்தனர். நவுருவிலிருந்து வந்த கல் அது. கல்லாய் இறுகிய மரம் என்றே கருதப்பட்ட அதனை ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் ஆய்ந்தபோது உயர்தரப் பாஸ்பேட் என்பது புலனாயிற்று. தீவு அப்போது ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தது. சில ஆண்டுகளில் தோண்டும் பணி தொடங்கிற்று. நிலத்துக்குரியவர்களுக்குத் தொடக்கத்தில் கிடைத்தது டன்னுக்கு அரைப் பென்னி! முதல் உலகப் போருக்குப்பின், 1919இல், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்றும் கூட்டாக ஓர் ஆணையம் அமைத்துப் பாஸ்பேட்டைத் தம் கைக்குள் கொண்டுவந்தன. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் இவ்வுரத்தால் செழித்தன. இத்தகைய தீவு மக்களின் நலனைப் பேணுவது ஆளும் நாடுகளின் புனிதப் பொறுப்பு என்று அன்றைய உலக நாடுகள் சங்கம் எழுதிவைத்திருந்தது. புனிதம் என்ற சொல் இவ்வளவு மலிவாக ஆளப்பட்ட ஆவணங்கள் வரலாற்றில் மிகச் சிலவே.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942இல் ஜப்பானியர் தீவைக் கைப்பற்றினர். மறு ஆண்டில் தொழுநோயாளர் முப்பத்தொன்பது பேரைப் படகிலேற்றிக் கடலில் மூழ்கடித்தனர். ஏறத்தாழ 1,200 நவுரு மக்கள் ட்ரக் தீவுகளுக்கு வேலைக்காகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களோடு சென்றவர்களுள் ஒருவர் அருட்தந்தை அலாய்ஸ் கைசர். திரு இருதய மறைபரப்புச் சபையைச் சேர்ந்த இவர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அம்மக்களோடு வாழ்ந்து, அவர்கள் மொழிக்கு இலக்கணம் எழுதியவர். 1944இல் ட்ரக்கிலேயே உயிர் நீத்தார். போர் முடிந்து 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பியோர் 737 பேர் மட்டுமே. அந்நாளையே 1968இல் தம் விடுதலை நாளாக அவர்கள் தெரிந்துகொண்டனர்.

விடுதலைக்குப்பின் பாஸ்பேட் தொழிலை விலைகொடுத்து வாங்கிய அரசு, வருங்காலத் தலைமுறைக்கென்று அறக்கட்டளை நிதியும் ஏற்படுத்திற்று. நோக்கம் நேரியதே. வரிகள் இல்லை, மருத்துவமும் கல்வியும் இலவசம். மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம் எழுந்தது. பாஸ்பேட் பறவை எச்சத்தால் ஆனது என்ற எண்ணத்தில் அந்நகரத்தார் அதற்கு வைத்த கேலிப்பெயரை இங்கு எழுதுவது முறையன்று. சொந்த விமான நிறுவனம், 1993இல் இலண்டன் மேடையில் நவுருவின் பணத்தில் அரங்கேறிச் சில வாரங்களிலேயே நின்றுபோன இசைநாடகம் என்று செலவுகள் பெருகின. நிதியைக் கண்காணிப்பார் எவருமில்லை. பாஸ்பேட் குறையக் குறையக் கடன் ஏறியது. 2004இல் மெல்பர்ன் கட்டடம் விற்கப்பட்டது. மறு ஆண்டில் கடைசி விமானமும் கடன்காரர் கைக்குப் போயிற்று.

குற்றம் முழுவதையும் அம்மக்கள் தலையிலேயே சுமத்துவோர் உளர். அது நீதியன்று. விடுதலைக்கு முன் தோண்டப்பட்ட நிலத்தைச் சீரமைக்கும் கடமை மூன்று ஆளும் நாடுகளையே சாரும் என்று, நவுரு அமைத்த விசாரணைக் குழு கண்டது. அதன் தலைவர் இலங்கைச் சட்ட அறிஞர் வீரமந்திரி. 1989இல் நவுரு அனைத்துலக நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியா மீது வழக்குத் தொடுத்தது. 1993இல் 10 கோடி 70 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் தருவதாக உடன்பாடு ஏற்பட்டு வழக்கு முடிந்தது.

அதன்பின் விற்பதற்குத் தீவிடம் எஞ்சியவை அதன் இறையாண்மையும் அதனைச் சூழ்ந்த கடலுமே. அயல்நாட்டார் பணம் பதுக்கும் பெயரளவு வங்கிகளுக்கு உரிமம் தந்து உலகின் பழியைத் தேடிக்கொண்டது. 2001 முதல், ஆஸ்திரேலியா புகலிடம் தேடி வருவோரை இங்கே அடைத்துவைத்து, அதற்கெனப் பணம் கொடுத்தது. 2007இல் அவ்வாறு கொண்டுவரப்பட்ட இலங்கையர் எண்பதுக்கும் மேற்பட்டோருள் பெரும்பாலோர் தமிழர். பாஸ்பேட்டோடு ஒப்பிடுகையில் சூரை மீன் நல்ல வாணிகம் என்றே நமக்குத் தோன்றுகிறது. எட்டுத் தீவு நாடுகள் சேர்ந்து, அயல்நாட்டுக் கப்பல்கள் தம் கடலில் மீன்பிடிக்கும் நாள்களுக்கு விலை வைத்தன. தனித்து நின்றிருந்தால் பேரம் பேசும் வலிமை ஏது? 2015இல் மீண்டும் ஒரு நிதி, இம்முறை அயல்நாட்டுப் பங்காளிகளும் கண்காணிக்கும் வகையில், நிறுவப்பட்டது.

தீவின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு தோண்டப்பட்டு, பவளப்பாறைத் தூண்கள் மட்டும் வெயிலில் நிற்கின்றன. மக்கள் வாழ்வது கரையோரக் குறுகிய நிலத்தில். கடல் மட்டமோ உயர்ந்து வருகிறது. ஆதலால் மேட்டு நிலத்தைச் செப்பனிட்டு அங்கே குடியேற வேண்டும் என்று அரசு திட்டமிட்டது. அதற்குப் பணம் திரட்ட, 2025இல், 1,05,000 அமெரிக்க டாலர் முதல் தருவோர்க்குக் குடியுரிமை அளிக்கத் தொடங்கிற்று. அவர்கள் குடியேறப் போகும் மேட்டு நிலம், பாஸ்பேட்டுக்காகத் தோண்டிப் பாழாக்கப்பட்ட அதே நிலம்.