பாட்டிலுக்குள் இரண்டு உப்பு: கால்-மேக் உரத்தின் பழைய கதை

மாடித்தோட்டம் போடுறவங்களுக்கு "கால்-மேக்" என்ற பெயர் பழகியிருக்கும். தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால் கால்சியம் போதவில்லை என்பார்கள். அடியிலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடையில் மஞ்சளித்தால் மெக்னீசியம் போதவில்லை என்பார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பாட்டில். லேபிளைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் ஒற்றை இலக்கச் சதவீதம்தான் இருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணி.

இதே வேலையை இரண்டு மலிவான உப்புகளை வைத்து நாமே செய்துகொள்ளலாம். அந்த உப்புகளுக்கு ஒரு வரலாறு உண்டு. யாரோ ஒருவர் அதைத் தனக்கென்று வைத்து விற்கப் பார்ப்பார். இன்னொருவர் செய்முறையை ஊருக்கே சொல்லிவிடுவார்.

முதலில் மெக்னீசியம். 1618-ல் இங்கிலாந்தின் எப்சம் ஊரில் ஹென்றி விக்கர் என்பவரின் மாடுகள் ஒரு குட்டைத் தண்ணியைக் குடிக்க மறுத்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. காரணம், தண்ணி அவ்வளவு கசப்பு. கொஞ்ச காலத்தில் வயிற்றைச் சுத்தம் செய்ய அங்கே கூட்டம் வர ஆரம்பித்தது. நம்ம ஊரில் பேதி உப்பு என்று சொல்வது இதைத்தான். தாவரங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து பெயர் பெற்ற நெஹமையா க்ரூ, 1695-ல் இந்த உப்பைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். லண்டன் மருந்து வியாபாரி ஃபிரான்சிஸ் மோல்ட் அவரிடம் கேட்காமலே அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தானே உப்பைக் காய்ச்சி மலிவாக விற்கவும் செய்தார். க்ரூ 1698-ல் அரச காப்புரிமை வாங்கினார். ஆனால் செய்முறை அதற்குள் வெளியே போய்விட்டது. பிறகு கடலுப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரிலிருந்தே இதை எடுக்கத் தொடங்கியதும், எப்சம் கிணறு இல்லாமலே எப்சம் உப்பு கிடைத்தது.

அடுத்தது கால்சியம் நைட்ரேட். 1903-ல் நார்வே இயற்பியலாளர் கிறிஸ்டியான் பிர்க்கலாண்ட், மின்காந்த பீரங்கி ஒன்றை மக்கள் முன்னால் இயக்கிக் காட்டினார். அது ஷார்ட் சர்க்யூட் ஆகி, பெரிய தீப்பொறி பறந்ததுதான் மிச்சம். சில நாளில் சாம் ஐடெ என்ற பொறியாளரைச் சந்தித்தார். ஐடெயிடம் அருவி மின்சாரம் இருந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்க ஒரு வழிதான் வேண்டியிருந்தது. சிலியிலிருந்து வரும் வெடியுப்பு தீர்ந்துபோனால் கோதுமைக்கு உரம் எங்கே என்று ஐரோப்பா கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. மின்வில்லில் காற்றைச் சுட்டு, நைட்ரிக் அமிலமாக்கி, சுண்ணாம்புக்கல்லோடு சேர்த்தார்கள். 1905-ல் நோட்டோடன் ஊர் ஆலையிலிருந்து வந்த அந்த உப்புக்கு நார்வே வெடியுப்பு என்று பெயர். 1920-களின் கடைசியில் எர்லிங் ஜான்சன் ஒட்டா நகரில் வேறு வழி கண்டார். பாஸ்பேட் பாறையை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் கால்சியம் நைட்ரேட் துணைப்பொருளாகவே கிடைக்கும். இந்த உப்பு மலிவாகக் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, கலக்கும் விதம் எப்போது தெரிந்தது? 1860-களிலேயே ஜெர்மனியில் சாக்ஸும் க்னோப்பும் மண்ணே இல்லாமல், உப்பு கரைத்த தண்ணியில் செடி வளர்த்துக் காட்டிவிட்டார்கள். 1930-களில் கலிஃபோர்னியாவின் வில்லியம் கெரிக் இருபத்தைந்து அடித் தக்காளிக் கொடி வளர்த்ததாகச் செய்தி பரவியது. உடனே இதை மந்திர வித்தை மாதிரி விற்கவும் ஆட்கள் கிளம்பினார்கள். அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லாண்டும் ஆர்னானும் 1938-ல் ஒரு சிற்றறிக்கை போட்டார்கள். எந்த உப்பு, எத்தனை அளவு என்று எல்லாம் அதில் வெளிப்படை. எல்லா நிலைமைக்கும் சிறந்த ஒரே கலவை என்று எதுவும் கிடையாது என்றும் அதில் சொன்னார்கள். அந்தக் கரைசலில் லிட்டருக்குக் கால்சியம் 200 மில்லிகிராம், மெக்னீசியம் 48 மில்லிகிராம் அளவில் இருக்கும்.

அப்படியானால் ஒரே பாட்டிலில் அடைப்பது என்ன வித்தை? கால்சியம் நைட்ரேட்டையும் எப்சம் உப்பையும் கெட்டியாகக் கரைத்துச் சேர்த்தால் ஜிப்சம் உருவாகும். ஒரு லிட்டரில் அது இரண்டரை கிராம் அளவுதான் கரையும். மிச்சம் வெள்ளையாக அடியில் படிந்துவிடும். அதனால் பாட்டில்காரர்கள் பலர் எப்சம் உப்புக்குப் பதில் மெக்னீசியம் நைட்ரேட் போடுகிறார்கள். நமக்கு அது தேவையில்லை. நீர்த்த நிலையில் கலந்தால் எதுவும் படியாது.

10 லிட்டர் தண்ணியில் முதலில் 5 கிராம் உரத்தரக் கால்சியம் நைட்ரேட்டைக் கரைங்க. அது முழுசாகக் கரைந்த பிறகு 4 கிராம் எப்சம் உப்பு. லிட்டருக்குக் கால்சியம் சுமார் 95, மெக்னீசியம் சுமார் 39 மில்லிகிராம் வரும். கூடவே நைட்ரஜனும் 78 மில்லிகிராம் வருவதால், வழக்கமாகப் போடும் நைட்ரஜன் உரத்தை அந்த அளவுக்குக் குறைச்சுக்கணும். மூடியை இறுக்கி வைங்க, கால்சியம் நைட்ரேட் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். நெருப்புப் பக்கம் வேண்டாம்.

ஆனால் கலக்கும் முன்னால் தண்ணியைப் பாருங்க. இந்த உரம் பெரிதும் வேண்டியது ஆர்.ஓ. தண்ணிக்கும், மழைநீருக்கும், தென்னை நார்க்கழிவில் வளரும் செடிக்கும். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வெளிநாடுகளுக்குப் போகும் அதே நார்க்கழிவுதான். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்வது அதன் குணம். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் போர் தண்ணி என்றால் இரண்டும் அதிலேயே இருக்கும். தக்காளி அழுகலுக்கும் பல சமயம் காரணம் ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதுதான். செடிக்குள் கால்சியம் தண்ணியோடுதான் ஏறுகிறது. அதைச் சரிசெய்ய உப்பும் வேண்டாம், காசும் வேண்டாம்.