திராட்சைப் பந்தலுக்குள் மினி டிராக்டர்: வாங்கும் முன் அளக்க வேண்டியவை, வாங்கிய பின் மறக்கக் கூடாதவை

கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி பகுதிகளில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பக்கத்துத் தோட்டத்தில் மினி டிராக்டர் வாங்கிவிட்டார்கள். நானும் வாங்கலாமா?"

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கு மருந்து தெளிப்பு, களை, எரு, அறுவடை என்று ஆண்டு முழுவதும் வேலை உண்டு. ஆள் கிடைப்பதும் சிரமமாகிவிட்டது. ஆகவே ஆசை நியாயமானதுதான். ஆனால் தோட்டத்தையும் கணக்கையும் அளக்காமல் வாங்கினால், வண்டி கொட்டகையில் நிற்கும். தவணை மட்டும் ஓடும்.

முதலில் பந்தலை அளங்கள்

ஷோரூமுக்குப் போகும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் செல்லுங்கள்.

* உயரம்: கல்தூண் உயரத்தை அளக்க வேண்டாம். காய் தொங்கும் பருவத்தில், கம்பி மிகவும் தாழ்ந்த இடத்தில், தரையிலிருந்து குலை நுனி வரை அளங்கள். டிராக்டரில் ஸ்டியரிங், சைலன்சர் ஆகியவற்றின் உயரத்தையும், ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் அவர் தலை உயரத்தையும் இதனுடன் ஒப்பிடுங்கள். மேல்நோக்கிய சைலன்சர் பந்தலுக்கு ஆகாது. கம்பியில் மாட்டும், சூடான புகை இலையையும் குலையையும் கருக்கும். கீழ்நோக்கிய சைலன்சர் உள்ள மாடலையே கேளுங்கள்.
* அகலம்: பன்னீர் ரகத்துக்குப் பரிந்துரை 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி. பழைய தோட்டங்களில் தூண்கள் நேர்க்கோட்டில் இருப்பதில்லை. மிகக் குறுகலான இடத்தை அளந்து, டயரின் வெளி அகலத்துக்கு இருபுறமும் ஒன்றரை அடியாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.
* திரும்பும் இடம்: வரிசை முடியும் இடத்தில் 10 முதல் 12 அடி காலியாக இருக்க வேண்டும். பந்தல் வரப்பு வரை போயிருந்தால் வண்டி உள்ளே போகும், திரும்பாது.

பவரைப் பொறுத்தவரை, 4 அடி ஸ்லாஷருக்கும் சிறிய தெளிப்பானுக்கும் 15 முதல் 20 ஹெச்.பி. போதும். விளம்பரத்தில் எழுதியிருப்பது எஞ்சின் ஹெச்.பி.; கருவியை ஓட்டுவது பி.டி.ஓ. ஹெச்.பி. மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிறுவனம் கொடுத்த சோதனை அறிக்கையை டீலரிடம் கேட்டு, அதிலுள்ள பி.டி.ஓ. அளவைப் பாருங்கள்.

சொந்தமா, வாடகையா?

கணக்குக்காக ஓர் உதாரணம். வண்டியும் கருவிகளும் சேர்த்து 5 லட்சம் ரூபாய், 10 ஆண்டு ஆயுள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் 45,000. வட்டி சராசரியாக 27,500. காப்பீடு, கொட்டகை 10,000. ஆக, வண்டி நின்றாலும் ஓடினாலும் ஆண்டுக்கு 82,500 ரூபாய் செலவு. ஓடும்போது டீசல், ஆயில், ஓட்டுநர் கூலி என மணிக்கு 350 ரூபாய். உங்கள் ஊரில் வாடகை மணிக்கு 700 ரூபாய் என்றால், ஆண்டுக்குச் சுமார் 236 மணி நேரம் ஓடினால்தான் சொந்த வண்டி கட்டுப்படியாகும்.

3 ஏக்கர் தோட்டத்தில் ஒரு தெளிப்புக்கு 2 மணி வீதம் 30 தெளிப்புக்கு 60 மணி, 8 முறை புல் வெட்ட 24 மணி, எரு இழுக்க 30 மணி என்று எடுத்தால் மொத்தம் 114 மணிதான். இந்த நிலையில் சொந்த வண்டிக்கு ஆகும் செலவு வாடகையைவிட ஆண்டுக்கு 42,600 ரூபாய் அதிகம். உங்கள் தோட்டத்துக்கான எண்களைப் போட்டு இதே கணக்கைப் பாருங்கள்.

ஆனால் வாடகைக்கு ஒரு குறை உண்டு. மழை விட்டதும் அடிச்சாம்பல் நோய்க்கு எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து அடிக்க வேண்டியிருக்கும். அன்று வாடகை வண்டி கிடைக்காது. இதற்கு நல்ல வழி, அண்ணன் தம்பியோ பக்கத்துத் தோட்டக்காரரோ இரண்டு, மூன்று பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்குவது. கவாத்தை ஒருவருக்கொருவர் ஒரு வாரம், பத்து நாள் தள்ளிச் செய்யுங்கள். தெளிப்பும் அறுவடையும் தானாகத் தள்ளிப் போகும்; ஒரே வண்டி எல்லாருக்கும் போதும். யாருக்கு எந்த நாள், டீசல் யார் போடுவது, பழுதானால் யார் கொடுப்பது என்பதை முதல் நாளே நோட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலியில் இ-வாடகை மூலம் முன்பதிவு செய்யலாம். மானியத்தில் வரும் கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். துறை அலுவலகத்தில் விசாரித்து, அனுமதி ஆணை கைக்கு வந்த பிறகே டீலரிடம் பணம் கட்டுங்கள்.

உழவா, புல் வெட்டா?

மினி டிராக்டர் வந்ததும் பலரும் பந்தலுக்குள் ரோட்டவேட்டரை அடிக்கடி ஓட்டுகிறார்கள். தரை சுத்தமாகத் தெரியும். ஆனால் மேலே பரவியிருக்கும் சல்லிவேர் அறுபடும். ரோட்டவேட்டர் போகும் ஆழத்துக்குக் கீழே மண் இறுகும். கோரைக்கிழங்கும் அருகம்புல் தண்டும் துண்டுதுண்டாகி, ஒன்று பத்தாகும்.

ஸ்லாஷரால் புல்லை வெட்டி அங்கேயே போடுவது மேல். பூ எடுத்து விதை பிடிக்கும் முன், 3 முதல் 4 அங்குலம் விட்டு வெட்டுங்கள். வெட்டிய புல்லைக் கொடியடியில் மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். ஸ்லாஷரின் வெட்டு அகலம் டயர் அகலத்தைவிட அதிகமாக இருக்கட்டும். இல்லையென்றால் டயர் மிதித்த புல் வெட்டுப்படாது. தென்னந்தோப்புக்கும் இதே கருவி போதும். 25 அடி இடைவெளியில் தாராளமாக ஓட்டலாம்; மட்டை, கல், சொட்டுநீர்க் குழாயை மட்டும் முன்கூட்டியே அகற்றுங்கள்.

மண் ஈரமாக இருக்கும்போது உள்ளே போக வேண்டாம். ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். உருண்டை உடையாமல் நின்றால் இரண்டு நாள் பொறுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட நான்கு விஷயங்கள்

1. பி.டி.ஓ. ஷாப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுற்றுகிறது. தோளில் கிடக்கும் துண்டு, லுங்கி நுனி, சேலை முந்தானை எது சிக்கினாலும் கையை இழுக்க நேரம் இருக்காது. ஷாப்ட் மேல் உள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றாதீர்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகே கருவியைத் தொடுங்கள்.
2. ஸ்லாஷர் ஓடும்போது கல்லும் அறுந்த பந்தல் கம்பித் துண்டும் தெறிக்கும். 100 அடிக்குள் ஆள், குழந்தை, மாடு இருக்கக் கூடாது.
3. பாரத்தை எப்போதும் கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். மேலே மாட்டினால் முன்சக்கரம் தூக்கி, வண்டி பின்னால் கவிழும். கவிழ்வுப் பாதுகாப்புக் கம்பி உள்ள வண்டியா என்று கேட்டு வாங்குங்கள். பந்தலுக்குள் அதை மடக்கலாம். வெளியே வந்ததும், வாய்க்கால் கரையில் ஏறும் முன், நிமிர்த்திவிட்டு சீட் பெல்ட் போடுங்கள். கம்பி மடங்கியிருக்கும்போது பெல்ட் போடக் கூடாது.
4. சாலைக்கு வந்தால் இரண்டு பிரேக் பெடலையும் இணைத்துப் பூட்டுங்கள். டிரெய்லரில் ஆட்களை ஏற்றாதீர்கள். அமாவாசை நாட்களில் சுருளி அருவிச் சாலையில் வாகனக் கூட்டம் அதிகம். அன்று எரு வண்டியை எடுக்காமல் இருப்பது நல்லது.

பராமரிப்பு

தினமும் எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர் பாருங்கள். புல் வெட்டிய நாளில் ரேடியேட்டர் வலையில் அடைத்த தூசியையும் விதையையும் ஊதி எடுங்கள். இல்லையென்றால் எஞ்சின் சூடேறும். ஏர் பில்டரையும் மறக்க வேண்டாம். ஆயில் மாற்றத்தை மாதக் கணக்கில் அல்ல, மணி மீட்டரைப் பார்த்து, கையேட்டில் சொன்னபடி செய்யுங்கள். மருந்து தெளித்த அன்றே வண்டியைக் கழுவுங்கள். தாமிர மருந்து இரும்பை அரிக்கும்.

இந்த ஓராண்டு, வாடகைக்கு எடுக்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வண்டி வாங்கலாமா, கூட்டாக வாங்கலாமா, வேண்டாமா என்பதற்கு அடுத்த ஆண்டு அந்த நோட்டே பதில் சொல்லும்.