துபாஷி வீட்டுப் பெண்கள்

வில்லியனூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில், ரெட்டியார்பாளையத்தில் புனித அந்திரேயா ஆலயம் இருக்கிறது. 1745இல் அதைக் கட்டியவர் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷி கனகராய முதலியார். இறந்துபோன மகனின் நினைவாகக் கட்டினார். மொழிபெயர்ப்பாளரின் சம்பாத்தியத்தில் மாதா கோயில் எழும்புமா? பக்கக் கணக்கில் கூலி வாங்கும் என்னைப் போன்றவர்களுக்கு நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். துபாஷி என்றால் இரு மொழிக்காரர். ஆனால் அவர் பேச்சைப் பெயர்த்துச் சொல்வதோடு நின்றவரல்ல. துணி வியாபாரம், கடன், பிணை, நவாபு தர்பாருக்குப் போகும் கடிதம், ஊர்ப் பஞ்சாயத்து எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. கவர்னருக்குத் தமிழ் தெரியாது என்பதே அவருடைய முதல்.

1746 பிப்ரவரியில் கனகராய முதலியார் இறந்தார். சொத்துத் தகராறு வந்தது. ஒரு பக்கம் தம்பி. மறு பக்கம் மனைவியும், ஏற்கெனவே விதவையாகியிருந்த மருமகளும். கிறித்தவக் குடும்பம்தான். ஆனாலும் சாதிப் பெரியவர்களைக் கூட்டித் தமிழர் வழக்கம் என்ன என்று கேட்டார்கள். சொத்து தம்பிக்குப் போனது, பெண்களுக்கு ஜீவனாம்சம் மிஞ்சியது. 'வழக்கம்' என்ற அந்தச் சொல்லைப் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெயர்த்துச் சொன்ன சபையில் அத்தனை பேரும் ஆண்கள்.

கனகராய முதலியாருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை நீளும் அவருடைய தமிழ் நாட்குறிப்பு இல்லாவிட்டால் அக்காலத்துப் புதுச்சேரியைப் பற்றி நமக்குத் தெரிவது மிகக் குறைவு. அதில் அவர் ஓயாமல் வசைபாடும் ஒருத்தி உண்டு: கவர்னர் துப்ளெக்ஸின் மனைவி ழான். புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் பேசுவார். இது சாதாரண விஷயமல்ல. கவர்னர் வீட்டுக்குள்ளேயே தமிழ் அறிந்த ஒரு காது இருந்தால் துபாஷியின் முதலுக்கே சேதம். மனுக்களைக் கேட்டார், ஒற்றர்களை வைத்தார், செய்தி சேகரித்தார் என்று பிள்ளை குமுறுகிறார். பிள்ளையும் இதையெல்லாம் செய்தவர்தான்! ஆண் செய்தால் சாமர்த்தியம், மதாம் செய்தால் சூழ்ச்சி.

அதற்காக மதாமை நம் முன்னோடியாகக் கொண்டாட நான் தயாரில்லை. 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதில் அவருக்குப் பங்குண்டு என்று நாட்குறிப்பு சொல்கிறது. சொல்பவர் போட்டியாளர் என்பதால் மட்டும் அதை ஒதுக்கிவிட முடியாது. மதாமின் தமிழும் அதிகாரத்தின் தமிழ்தான்.

1749 வாக்கில் வில்லியனூரும் பாகூரும் கும்பினி வசம் வந்தன. பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்ட ஒருத்திக்கு வரி பற்றியோ தண்ணீர் பற்றியோ முறையிட இருந்திருந்தால், அது கணக்குப்பிள்ளையையும் குத்தகைக்காரரையும் துபாஷியையும் கடந்துதான் கவர்னர் காதுக்குப் போயிருக்க வேண்டும். நாட்குறிப்பின் தொகுதிகளில் பெண் பேசியதாக வரும் பக்கங்களில் மட்டும் காகிதத் துண்டு செருகி வருகிறேன். பெரும்பாலும் மதாம் பேசும் பக்கங்கள்தான்.